வண்டியைத் திருப்பியவர்

சவரிராஜுக்கு அறுபது வயது. கல்லூரியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கிடார் சொல்லித்தந்த பிரிசில்லாவுக்கு முப்பத்திரண்டு. அவர் இவளை 'மிஸ்' என்பார், இவள் அவரை 'சார்' என்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வயதைப் பார்த்தா வித்தை வருகிறது!

பிரிசில்லாவின் ராக் பாட்டு ஒன்று அந்தக் கடற்கரைப் பக்கம் முழுக்கப் பிரபலம். அந்தக் காலத்து உப்பள வேலைநிறுத்தம்தான் விஷயம். முதலாளியின் உப்பு வண்டியை மறித்துத் தொழிலாளிகள் ரோட்டில் படுத்துக்கிடப்பார்கள். வண்டிக்காரன் கடைசி நொடியில் மாட்டைத் திருப்பிவிடுவான். "திருப்பு! திருப்பு!" என்று கூட்டம் போடுகிற சத்தத்தில் பந்தலே அதிரும்.

அன்று சாயங்காலம் கச்சேரி. முதல்முறையாக மேடையேற வேண்டிய சவரிராஜ், கிடாரை உறையைவிட்டே எடுக்கவில்லை.

"என்ன சார், பயமா?"

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். பழைய போலீஸ் அறிக்கையின் நகல்.

"வண்டி திரும்பவே இல்ல மிஸ். படுத்திருந்தவங்க மேலயே ஏத்திட்டுப் போயிருக்கு. ஓட்டினது வியாகுலம். எங்கப்பா."

பாவம், அப்பா செத்துப் பதினைந்து வருஷம் கழித்து, போன வாரம்தான் அவருக்கே தெரிந்தது.

"பாட்ட மாத்தணும் மிஸ். பொய்ய என்னால மேடையில வாசிக்க முடியாது."

"மாத்திருவோம். அந்த வரிய உள்ளது உள்ளபடி நீங்களே பாடுங்க."

அவள் வாசித்தாள். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி வாசித்தாள். மூன்றாவது தடவை அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

துண்டை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"வண்டிக்காரன் திருப்பிட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா மிஸ்?"

"உங்கப்பாதான். நீங்க வெளியூர்ல வேலையில இருந்தீங்க. அவரு தினமும் எங்க டீக்கடைக்கு வருவாரு. 'நான் திருப்பிட்டேன், திருப்பிட்டேன்'னு சொல்லிச் சொல்லி அழுவாரு. அப்ப எனக்குப் பத்து வயசு."

"பொய்னு ஒருத்தருக்குமா தெரியல?"

"எல்லாருக்கும் தெரியும் சார். யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. எங்க தாத்தா மட்டும், 'ஆமா வியாகுலம், திருப்பிட்டே. டீயக் குடி'ம்பாரு."

"உங்க தாத்தாவும் அன்னைக்கு அங்க இருந்தாரா?"

"இருந்தாரு சார். சக்கரம் ஏறுனது அவரு கால்லதான்."