தொட்டுக் காட்டிய கை

“பெத்தவ கண்ணால பார்த்திருக்கா, மேடம். அவளையும் நம்பலைன்னா நான் யாரைத்தான் நம்புறது?”

கேட்டவர் மாஜிஸ்திரேட் குலசேகரன். பெண்கள் சிறையில் அன்று அடையாள அணிவகுப்பு; பிடிபட்டவளை வேறு பெண்களோடு வரிசையில் நிறுத்துவார்கள், சாட்சி அவளைத் தொட்டுக் காட்ட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பச்சைக் குழந்தை காணாமல் போயிருந்தது. தூக்கிப் போனவள் என்று மாரிக்கண்ணு என்பவளைப் பிடித்து வைத்திருந்தார்கள். குழந்தை இன்னும் கிடைக்கவில்லை.

பேராசிரியை நாச்சியார் குற்றவியல் ஆய்வாளர். குலசேகரனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் சாட்சிகளின் ஞாபகத்தைப் பற்றி அவரிடம்தான் குலசேகரன் பாடம் கேட்டுவந்தார். கேட்டாரே ஒழிய, நம்பியதில்லை.

“இத்தனை வருஷமா அணிவகுப்பு நடத்துறேன். ஒரு சாட்சிகூட யாரையும் தொடாம திரும்பிப் போனதில்ல.”

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

நாச்சியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மாரிக்கண்ணு உள்ளேயே இருக்கட்டும். அவ இடத்துல நான் நிக்கிறேன். முதல்ல இப்படி ஒரு தடவை பார்ப்போம்.”

குலசேகரனுக்கு எரிச்சல். “அந்தம்மா யாரையும் தொட மாட்டா, பாருங்க,” என்றார்.

வெளியே போய்த் தாயை அழைத்து வந்தார். பேச்சியம்மாளுக்கு நடக்கவே தெம்பில்லை. பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது.

வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டே நடந்தாள். திரும்பவும் நடந்தாள். நாச்சியாருக்கு எதிரே நின்று தோளைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே கூந்தலைப் பிடித்துக்கொண்டது.

“இவதான்யா! சாகுற வரைக்கும் இந்த மூஞ்சிய மறக்க மாட்டேன்! எம் புள்ளைய எங்கடி வச்சிருக்க?”

“தெரியலையேம்மா,” என்றார் நாச்சியார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

காவலர்கள் அவளைப் பிரித்து அழைத்துப் போனார்கள். அழுகை மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

குலசேகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவ பொய் சொல்லல, மேடம்.”

“இல்ல.”

“அப்புறம் எப்படி?”

“கூட்டிட்டு வர்றப்ப அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“பெருசா ஒண்ணும் சொல்லலையே. ‘அவ வரிசையிலதான் நிக்கிறா, பயப்படாம தொட்டுக் காட்டும்மா’ன்னு…”

குலசேகரன் நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பழக்கதோஷம், மேடம். வாயில வந்துடுச்சு. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.”

நாச்சியார் கலைந்த கூந்தலை முடிந்துகொண்டார்.

“எல்லார்கிட்டயுமா, சார்?”