பலாப்பழம் நுழையாத வாசல்

மழை பெய்து ஓயாத ஒரு மலைக்காட்டில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடித்தனம் நடத்தின.

முட்டையிடும் காலம் வந்தது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டது. குஞ்சுக்கு இறகு முளைக்கும்வரை அது வெளியே வராது. அதுவரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். இருவாச்சிகளின் வழக்கம் அப்படி.

குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் சூறைக்காற்று அடித்தது. ஆண் பறவையின் சிறகு பிசகிவிட்டது. தரையில் தத்த முடிந்ததே தவிர, பறக்க முடியவில்லை.

பொந்துக்குள் தாயும் குஞ்சும் பசியில் துடித்தன.

அதே மரத்தில் வசித்த கரிச்சான் குருவி உதவி கேட்கப் பறந்தது. அந்தக் குறும்புக்காரக் குருவிக்கு வராத குரலே கிடையாது. திரும்பி வந்து கீறலருகே உட்கார்ந்து, கேட்டதை அப்படியே ஒப்பித்தது.

"குரங்கு சொல்லிச்சு: 'குர்ர்... எனக்குப் பேன் பார்க்கவே பொழுது போதலை!' மான் சொல்லிச்சு: 'ஐயையோ, நான் மேயணும், மிரளணும், ஓடணும். நேரம் ஏது?' கரடியண்ணன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, 'ஹும்! நான் உதவி செஞ்சா காடே பார்க்கணும். தேன் வேலை முடியட்டும். அஞ்சாம் நாளை முழுசா ஒதுக்கறேன்'னுச்சு."

"அஞ்சு நாள் குஞ்சு தாங்காதே, தம்பி!" என்றது தாய்ப் பறவை.

அப்போது மலையணில் ஒன்று அந்தக் கிளை வழியே விர்ரென்று ஓடி வந்தது.

"அணிலக்கா, நில்லு!" என்றது கரிச்சான்.

"நிற்க நேரமில்லை! கூடு பாதியில கிடக்கு!"

"சரி, ஓடிக்கிட்டே சொல்லு. எங்கே இந்த ஓட்டம்?"

"சுள்ளி பொறுக்கி அத்திமரத்துக் கூட்டுக்குக் கொண்டுபோறேன். ஒரு நாளைக்கு இருபது நடை!"

"திரும்பி வர்றப்போ வாயில என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"சும்மா வர்ற வாயில ஒரு அத்திப்பழத்தைக் கவ்விக்கிட்டு வாயேன். இந்தக் கீறல்ல வெச்சுட்டு ஓடிடு!"

அணில் யோசிக்கக்கூட நிற்கவில்லை. அடுத்த நடையிலேயே ஒரு பழம் வந்தது. சாயங்காலத்துக்குள் குஞ்சின் வயிறு நிறைந்தது. அணிலின் கூடும் வளர்ந்தது.

ஐந்தாம் நாள் கரடி வந்தது. தோளில் ஒரு பெரிய பலாப்பழம்!

"எல்லாரும் பாருங்க! கரடியார் உதவி செய்யறார்!" என்று தானே கூவிக்கொண்டது.

மூச்சு வாங்க மரமேறி, பழத்தைக் கீறலில் வைத்து அழுத்தியது. நுழையவில்லை. திருப்பி வைத்தது. அப்போதும் நுழையவில்லை.

"அண்ணே, இந்த வாசல்ல சின்னப் பழமா ஒவ்வொண்ணாத்தான் நுழையும்" என்றது உள்ளிருந்து தாய்ப் பறவை.

"ஒரு நாள் முழுசா ஒதுக்கியிருக்கேன்! வாங்கிக்காம விடுவேனா? சுவரை உடைக்கிறேன்!"

"வேண்டாம் அண்ணே! உடைச்சா மரநாய் வந்து குஞ்சைத் தின்னுடும்!"

கரடி கேட்கவில்லை. அதன் நகம் மண்சுவரில் பதிந்தது. உள்ளே குஞ்சு கிறீச்சிட்டது.

உடனே இலைகளுக்குப் பின்னாலிருந்து கரடியின் மனைவி குரல் கேட்டது: "யோவ்! காலையிலேருந்து எங்கேய்யா போய்த் தொலைஞ்சே? இறங்கு கீழே!"

"இதோ வந்துட்டேன், தாயி!"

பலாப்பழத்தைப் போட்டுவிட்டுச் சரசரவென்று இறங்கியது கரடி. கீழே மனைவியும் இல்லை, யாரும் இல்லை. விழுந்து பிளந்த பலாப்பழத்தை ஆண் இருவாச்சி ரசித்துத் தின்றுகொண்டிருந்தது. மேலே கரிச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, அதுவும் கரடி மனைவியின் குரலிலேயே!

கரடிக்குக் கோபம் பொங்கியது. அந்நேரம் அணில் ஓடி வந்து ஒரு பழத்தை வைத்துவிட்டு ஓடியது. கீறலுக்குள்ளிருந்து குட்டி அலகு ஒன்று லபக்கென்று அதை இழுத்துக்கொண்டது. கரடி வாயைப் பிளந்து பார்த்தது.

மறுநாள் தேனுக்குப் போகிற வழியில் கரடி அந்த மரத்தில் ஏறியது. உதட்டில் ஒரே ஓர் அத்திப்பழம். கீறலருகே நீட்டியதும் குட்டி அலகு பழத்தோடு உதட்டையும் சேர்த்துக் கவ்வியது.

"ஆ! விடுடா, போக்கிரி!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிய கரடி, வெயில் ஏறுமுன் தேன்கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

நீதி: உதவி செய்ய ஒரு நாள் முழுதும் ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திராதே, போகிற வழியில் செய்யும் சிறு உதவியே வேளைக்குப் போய்ச் சேரும்.