வெள்ளித் தட்டில் தெரிந்த மூக்கு

சத்தியம்! அடித்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிரட்டும்!

ரொம்பக் காலத்துக்கு முன்னால் போர்த்துக்கல் தேசத்தில் தோம் ஜெரால்தோ என்றொரு சிங்கராஜா இருந்தார். யாரோ தனக்கு விஷம் வைக்கப் போகிறார்கள் என்று அவருக்கு ஓயாத பயம். அதனால் எந்தப் பதார்த்தம் வந்தாலும், மெந்து என்ற முயல் முதலில் ருசி பார்க்க வேண்டும். முயல் மீன் தின்னுமா என்று கேட்காதீர்கள். அரண்மனை உத்தியோகம் என்றால் எல்லாம் தின்னும்!

முயல் மெல்லும்போது ராஜா அதன் மூக்கையே உற்றுப் பார்ப்பார். மூக்கு துடித்தால் விஷம்! முயல் மூக்கு எப்போது துடிக்காமல் இருந்தது? சமையல்காரர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போனார்கள். ராஜா பட்டினியில் இளைத்தார். "விஷச் சோற்றை நானே புதைத்துவிடுகிறேன், பிரபு!" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் நரி மந்திரி மட்டும் நாளுக்கு நாள் பெருத்தார்.

ஒருநாள் அடுப்படிக்குப் புதிதாக வந்தவள் மெந்துவின் தங்கை லூசியா.

"இன்றைக்கு மூக்கு துடித்தால், சமைத்தவள் தலை போகும்!" என்று ராஜா உறுமினார்.

"அண்ணே, மூச்சை அடக்கிக்கோ!" என்று லூசியா கிசுகிசுத்தாள்.

"அடக்கினா காது ஆடுதே, தாயி!"

ஆலிவ் எண்ணெயில் வறுத்த மத்தி மீன் வந்தது. மீனைத் தொடுமுன்பே மெந்துவின் மூக்கு படபடவென்று அடித்தது.

"விஷம்! விஷம்!" என்று குதித்தார் நரி.

"மகாராஜா, நான் இன்னும் வாயிலேயே வைக்கலையே!" என்று மெந்து அலறினான். "நீங்க பார்க்கிற பார்வைக்குத்தான் மூக்கு ஆடுது! ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க!"

ராஜா முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்த அவருடைய காலி வெள்ளித் தட்டு கண்ணாடிபோல் பளபளத்தது. அதில் மெந்து தெரிந்தான். மீனைக் கடித்தான், மென்றான், விழுங்கினான். மூக்கு மெல்ல மெல்ல அடங்கி, அப்படியே நின்றது!

தட்டில் இன்னொரு முகமும் தெரிந்தது. ராஜாவின் முதுகைக் கண்ட தைரியத்தில், நரி இரண்டு மத்தியை ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

ராஜா திரும்பாமலே கேட்டார்: "மந்திரியாரே, விஷத்துக்கு உப்பு போதுமா?"

சமையல்காரர்கள் வீடு திரும்பினார்கள். பாத்திரம் கழுவ நரி வந்தார்.

மிரண்டு நிற்பவர் முகத்தில் உண்மையைத் தேடக் கூடாது.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்த நரியின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஏதோ ஓர் அரண்மனையில் மந்திரியாக இருக்கிறார்களாம்!