ஐந்து பந்தயமும் அறிந்த டிரைவர்

ஊட்டி குதிரைப் பந்தயத்தில் ஜாக்பாட் அடிக்க, அடுத்தடுத்து ஓடும் ஐந்து பந்தயங்களிலும் ஜெயிக்கும் குதிரைகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தச் சூட்சுமம் தனக்கு மட்டுமே தெரியும் என்று எஸ்டேட் முதலாளி சௌந்தரபாண்டியன் பீற்றிக்கொள்ளாத நாளே கிடையாது.

பந்தயத்தன்று அவருடைய டிரைவர் மரியசூசை, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்டார்.

மரியசூசையை விட்டே ஜாக்பாட் சீட்டு வாங்கிய மிதப்பில் இருந்த முதலாளி, "என்னை மாதிரி அஞ்சு பந்தயத்துக்கும் சரியாச் சொல்லு. லீவு தர்றேன், காரையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

"பந்தயத்துக்கு ஒரு குதிரையைப் பத்திச் சொல்றேங்கய்யா. தப்பாம இருந்தாப் போதுங்களா?"

"போதும், போதும்."

ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் மரியசூசை, முதலாளியின் நண்பர் டாக்டர் ரங்கபாஷ்யத்தின் காதில் ஒரு குதிரையின் பெயரைச் சொன்னார். கடைசிப் பந்தயம் முடிந்ததும் டாக்டர் கைதட்டினார்.

"அஞ்சும் சரி!"

முதலாளி டாக்டர் பக்கம் திரும்பினார். "அஞ்சும் ஜெயிச்சுதா?"

"அஞ்சும் தோத்துது. எது தோக்கும்னுதான் இவர் சொன்னார்."

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

மரியசூசை தொப்பியைக் கழற்றினார். "ஐயா எந்தக் குதிரை மேல கட்டியிருக்கீங்களோ, அதைத்தான் சொன்னேனுங்க."

டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையே திரும்பிப் பார்த்தது. முதலாளி கார் சாவியை நீட்டினார்.

"போயிட்டு வா. சம்பந்தி வீட்ல மட்டும் இதைச் சொல்லிடாதே."