புடவைக்குள் ஒரு முழங்கால்

எஸ்தர் டீச்சரிடம் பைத்தான் என்ற கணினி மொழி படித்தவன் இசக்கிராஜ். படித்த சூட்டோடு பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. லட்சக்கணக்கான படங்களைக் காட்டி யாரோ ஏற்கெனவே பழக்கிவைத்த ஏ.ஐ. மாடல் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டான். கேமரா முன் நிற்பவரின் தோள், இடுப்பு, முழங்கால் எங்கே என்று அது புள்ளி வைக்கும். புள்ளிகளைக் கோட்டால் சேர்த்து, கால் எவ்வளவு மடங்குகிறது என்று இவன் காட்டுவான்.

ஒரு நாள் டீச்சரின் லேபுக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"டீச்சர், மாடல் பொய் சொல்லுது."

"யார்கிட்ட?"

"பகவதி அக்காகிட்ட. டெய்லர். பக்கவாதத்துல வலது கால் விழுந்துடுச்சு. முழங்கால் நல்லா மடங்குதுன்னு ஸ்கிரீன் காட்டுச்சு. நானும் சபாஷ்னு சொன்னேன். அதை நம்பித் தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்காங்க. பெடல் அசையவே இல்ல. இனி கிளினிக் பக்கமே வரமாட்டேன்னு ஒரே அழுகை."

"எதைக் கட்டிட்டு நின்னாங்க?"

"புடவைதான்."

டீச்சர் மேசை விரிப்பை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு, அவன் புரோகிராம் ஓடும் லேப்டாப்பின் கேமரா முன் போய் நின்றார். திரையில் இரண்டு முழங்கால்களும் ஜம்மென்று வந்து உட்கார்ந்தன.

"என் வலது கால் எப்படி இருக்கு?"

"ஸ்கிரீன்ல மடங்கியிருக்கு."

விரிப்பை அவிழ்த்துப் போட்டார். சுடிதாருக்குள் கால் குச்சி மாதிரி நேராக இருந்தது.

"ஒவ்வொரு புள்ளிக்கும் மாடல் எத்தனை எண் கொடுக்குது?"

"மூணு. குறுக்கே எங்க, மேல கீழே எங்க... அப்புறம், எவ்வளவு நிச்சயம்னு ஒண்ணு."

"நீ எத்தனை எடுத்த?"

"ரெண்டு." குரல் இறங்கியது. "மூணாவது எதுக்குன்னு விட்டுட்டேன். படம் பார்க்க அழகா இருந்துச்சு."

"அடப்பாவி! துணிக்குள்ள இருக்கிற காலை ஊகிச்சுத்தான் புள்ளி வச்சிருக்கு; எனக்குச் சரியாத் தெரியலன்னு அந்த மூணாவது எண்ல கத்தியிருக்கு. வாயைப் பொத்தினது நீ."

அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினான். நிச்சயமில்லாத புள்ளிக்கு இனிமேல் கோடு வராது. 'முழங்கால் தெரியவில்லை' என்று எழுத்து வரும். மறுநாள் பகவதி அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அக்கா ஏசித் தீர்த்தார். வாய் ஓய்ந்ததும் மகளின் டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பிவிட்டார்.

கிளினிக்கில் டீச்சரும் இருந்தார். அக்கா கம்பியைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினார். புள்ளிகள் ஆடாமல் நின்றன. பன்னிரண்டு டிகிரி.

இசக்கிராஜ் சட்டென்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இவ்வளவுதான் டீச்சர்" என்று முணுமுணுத்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்ககிட்ட காட்டுறது?"

டீச்சர் லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பி வைத்தார்.

"இத்தனை நாள் காட்டினதெல்லாம் நீ மடக்கினது. இது அவங்க மடக்கினது."