ஏழு மணி மணி

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படாதவர் நம்மில் யாரும் கிடையாது. அதனால் ஒரு வழக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். அவசரப்படாமல் முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

செங்கோட்டையில் திருமலைக்கொழுந்து என்று ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி காலமானபின் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு. ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன நிரலை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். 19:00 என்று கொடுத்தால் அது 'இரவு ஏழு மணி' என்று தமிழில் எழுதித் தரும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்தக் காலத்தில் எந்த மென்பொருளையும் ஒருவரே முழுதாக எழுதுவதில்லை. வீடு கட்டுகிறவர் செங்கல்லையும் தானே சுட்டுக்கொண்டா இருக்கிறார்? பிறர் செய்துவைத்த உதிரிபாகங்களை எடுத்து மாட்டிவிடுவார்கள். அதையும் வாங்கித் தங்களிடம் பத்திரப்படுத்துகிற வழக்கம் பலருக்குக் கிடையாது. தினமும் புதுப்பிக்கும்போது செய்தவரின் இடத்திலிருந்தே இழுத்துக்கொள்வார்கள், அங்கே அது இல்லாவிட்டால் மொத்த மென்பொருளும் நின்றுவிடும். கொழுந்துவின் பாகமும் அப்படித்தான் பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரி டோக்கன், பள்ளிக்கூடக் குறுஞ்செய்தி என்று எங்கெல்லாமோ போய் உட்கார்ந்தது.

ஆரம்பத்தில் அதில் பிழைகள் இருந்தன. யார் யாரோ மின்னஞ்சலில் திட்டினார்கள். கொழுந்து திருத்திக் கொடுத்துவிட்டு, உங்கள் ஊரில் மழை உண்டா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுவார். சிலர் பதில் போட்டார்கள். மனைவி போனபிறகு அவரோடு பேச்சு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். போகப்போகப் பிழைகள் தீர்ந்தன, கடிதமும் நின்றது. நன்றாக ஓடுகிற சாமானைப் பற்றி யார் எழுதுவார்கள்?

அப்போதுதான் கொழுந்து அந்தக் காரியத்தைச் செய்தார். அடுத்த பதிப்பில் வேண்டுமென்றே 'இரவு ஏழு மணி மணி' என்று வரும்படி மாற்றிவைத்தார். யாருக்கும் நஷ்டமில்லை, பார்க்க மட்டும் அசிங்கம். உடனே கடிதங்கள் வந்தன. நாகர்கோவிலில் பஸ் டிக்கெட் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வில்சன் என்ற இளைஞன்தான் முதலில் காரசாரமாக எழுதினான். கொழுந்து அன்றைக்கே சரிசெய்து கொடுத்து, மழையை விசாரித்தார். வில்சன் மழையைப் பற்றி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்கு அது போதுமாக இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் ஏதாவது ஒரு நேரத்துக்கு 'மணி' இரண்டு தடவை வந்தது.

கோயம்புத்தூரில் மாதங்கி என்றொரு பெண். ஆஸ்பத்திரி டோக்கன் மென்பொருள் செய்பவள். அவள் மட்டும் பழைய பதிப்புகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள். திருத்திய கையே மறுபடி கெடுத்தும் இருந்தது. தெரியாமல் நேர்கிற தப்பு இத்தனை ஒழுங்காக வராது. மனுஷர் பேச ஆள் இல்லாமல் இப்படிச் செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, பாவமாகவும் இருந்தது. நேரில் கேட்டால் கூசிப்போவார். வெளியில் சொன்னால் எல்லோரும் அவரை ஒதுக்கிவிடுவார்கள். யோசித்து, தானே ஒரு சிறு பாகம் எழுதினாள். அது கொழுந்துவின் பாகத்திடம் நேரத்தை வாங்கி, 'மணி' இரண்டு இருந்தால் ஒன்றை அழித்துவிட்டுக் கொடுக்கும். அதை அவளும் இலவசமாகப் போட்டாள், காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. வில்சன் முதலான எல்லோரும் நிம்மதியாக அதற்கு மாறிக்கொண்டார்கள். அடியில் கொழுந்துவின் பாகம் இருப்பதையே மறந்துபோனார்கள்.

செங்கோட்டைக்குக் கடிதம் வருவது நின்றது. கொழுந்து எல்லா நேரத்துக்கும் 'மணி'யை இரண்டாக்கிப் பார்த்தார். ஒருவரும் திட்டவில்லை. பிறகு தன் இணையப் பக்கத்தில், 'இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?' என்று எழுதிவைத்து மார்கழியில் மூன்று வாரம் காத்திருந்தார். அந்தப் பக்கத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை. மாதங்கியும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவருக்கும் வேண்டாத சாமான் எதற்கு என்று, பொங்கல் நெருங்கும்போது ஒரு காலையில் அதை அழித்துவிட்டார்.

ஊருக்குப் போகிற கூட்டம் அலைமோதும் சமயம். மதியத்துக்குள் டிக்கெட் விற்பனை நின்றது, ஆஸ்பத்திரி டோக்கனும் நின்றது. பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் பையும் குழந்தையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். எது போயிற்று என்று தோண்டித் துருவிக் கண்டுபிடித்து, வில்சன் முதல்முறையாகப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, அத எதுக்கு எடுத்தீங்க? இங்க ஒரு டிக்கெட் போட முடியல."

"யாருமே எழுதலையே தம்பி. ஒருத்தருக்கும் வேண்டாம்னுல்லா நெனச்சேன்."

"நல்லா ஓடுச்சு. அதான் எழுதல."

கொழுந்து "அங்க மழை உண்டா?" என்று கேட்டார்.

பாகத்தைத் திரும்பப் போட்டுவிட்டார், அது பெரிய வேலையில்லை. ஆனால் அதற்குள் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்திருந்தன. அத்தனையும் வசவு. கொழுந்து காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதத் தொடங்கினார். மனைவி போனபிறகு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வழக்கு இதுதான். கொழுந்து நல்ல சாமானை வேண்டுமென்றே கெடுத்தார், பிறகு பிடுங்கியும் கொண்டார். வில்சன் இத்தனை காலம் சும்மா எடுத்துக்கொண்டு, திட்டுவதற்கு மட்டும் வாய் திறந்தான். மாதங்கி இரக்கப்பட்டு, வாயே திறக்காமல் சரிசெய்தாள். அன்றைக்கு அந்த ஜனங்கள் தரையில் உட்கார்ந்ததற்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

மாதங்கி என்றுதான் நான் சொல்வேன். கொழுந்து செய்தது கோணல்தான், ஆனால் அழிக்கும்முன் கேட்டார். பதிலே வராத இடத்தில் ஆள் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் கூப்பிடுகிறார் என்பதே வில்சனுக்குத் தெரியாது. அது பிழையல்ல, கூப்பாடு என்று தெரிந்தவள் மாதங்கி ஒருத்திதான். தெரிந்தும் அவள் சத்தத்தை அடக்கினாளே தவிர, என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. அவளுக்கும் அது உறைத்துவிட்டது. அன்று மாலையே எழுதினாள். மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பொங்கலுக்குக் கோயம்புத்தூர் வந்து எங்களோடு இருங்கள் ஐயா என்று மட்டும் எழுதியிருந்தாள். கொழுந்து வந்த வரிசையில்தான் பதில் போட்டுக்கொண்டிருக்கிறார். பொங்கல் கழிந்துவிட்டது, அவள் கடிதத்துக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை.