சிங்கக் கேடயம் ஏந்திய நீர்நாய்

கடல் கடந்த இங்கிலாந்தில், ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஆஸ்மண்ட் என்ற நீர்நாய் தன் குடும்பத்தோடு ஆற்றங்கரையில் வாழ்ந்து வந்தது. வாளும் ஈட்டியும் கொண்டு போரிட்ட பழைய காலம் அது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. போர் வந்தால் எல்லா விலங்குகளும் இரும்புத் தலைக்கவசம் அணியும். முகம் தெரியாது. கேடயத்தில் தீட்டிய குலச்சின்னத்தைப் பார்த்துத்தான் யார் எந்த வீட்டார் என்று அறிய வேண்டும். முள்ளெலி வீட்டாருக்கு மூன்று ஆப்பிள்கள். நீர்நாய் வீட்டாருக்கு, முப்பாட்டன் காலத்திலிருந்து, நீல நிறத்தில் ஒரு மீன்.

ஆஸ்மண்டுக்கு மீனைச் சாப்பிடப் பிடிக்கும். சுமக்கப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அது மரங்கொத்தியிடம் போனது. காட்டின் கேடயங்களைச் செதுக்கி வண்ணம் தீட்டுவது மரங்கொத்திதான்.

"எனக்குப் புதுக் கேடயம் வேண்டும். சிங்கம் போட்டு!"

"சிங்கத்தை நான் பார்த்ததே இல்லையே, ஐயா. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. ஆனால் பயங்கரமாக இருக்குமாம். பிடரி நிறைய மயிராம்."

மூன்று நாள் கொத்தி முடித்தது மரங்கொத்தி. தங்க நிறச் சிங்கம் ஒன்று பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அதன் நாக்கு நீளமாக வெளியே தொங்கியது.

"நாக்கு எதற்கு வெளியே?"

"கோபம், ஐயா."

"ஓடிக் களைத்ததுபோல் அல்லவா இருக்கிறது!"

"தள்ளி நின்று பாருங்கள், கோபம் தெரியும்."

ஆஸ்மண்டின் மனைவி எடித் தள்ளி நின்றும் பார்த்தது, கிட்டே வந்தும் பார்த்தது.

"இந்தச் சிங்கம் நமக்கு என்ன முறை? உங்கள் பக்கத்து உறவா, என் பக்கத்து உறவா?"

"என் பக்கம்தான்," என்று மீசையைத் தடவிக்கொண்டது ஆஸ்மண்ட்.

அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் கேடயத்தோடுதான் போனது. முயல்கள் ஒதுங்கி நின்று வணங்கின.

ஒரு மாதம் சென்றது. வடக்கு மலையிலிருந்து ஓநாய்க் கூட்டம் படையெடுத்து வந்தது. காட்டுப்பன்றித் தளபதி கேடயங்களைப் பார்த்துப் பார்த்து அணி வகுத்தது.

"மீன் சின்னமா? ஆற்றுத் துறையைக் காவல் செய்யுங்கள்!" எடித்தும் அதன் தம்பிகளும் துறைக்கு ஓடின.

"சிங்கமா? முன்வரிசை! நட்டநடுவில் நில்!"

"தளபதியாரே, நான் ஆஸ்மண்ட்! தண்ணீரில் நின்றால்தான் எனக்குச் சண்டை போட வரும்."

"ஆஸ்மண்ட் வீட்டுச் சின்னம் மீன். நீ சிங்க வம்சம். சிங்கம் பின்வரிசையில் நின்றதாக யாராவது கேட்டதுண்டா?"

ஆஸ்மண்ட் பதில் சொல்வதற்குள் போர்க்கொம்பு முழங்கிவிட்டது.

"அதோ சிங்கம்!" என்று கத்தியது தலைமை ஓநாய். "அதை வீழ்த்துகிறவனுக்கு ஏழு காட்டிலும் பெயர்!"

நான்கு ஓநாய்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஆஸ்மண்ட் குட்டைக் கால்களால் தெறித்து ஓடியது, ஆற்றை நோக்கி. கேடயம் மரத்துக்கு மரம் மோதியது.

துறையில் நின்ற எடித், சிங்கக் கேடயம் ஒன்று ஓநாய்களோடு பாய்ந்து வருவதைக் கண்டது. தன் கணவர் படைக்கு நடுவே நிற்பதாகத்தான் அது எண்ணியிருந்தது; இது ஓநாய்கள் கொண்டுவந்த வேறொரு சிங்கம் என்று நினைத்தது.

"ஐயோ, ஏதோ ஒரு சிங்கம் ஓநாய்களைக் கூட்டி வருகிறது! எறியுங்கள் கல்லை!"

டங்! முதல் கல் தலைக்கவசத்தில் விழுந்தது.

"எடித், நான்தான்!" என்று அலறியது ஆஸ்மண்ட். ஓடி வந்த மூச்சிரைப்பில், இரும்புக்குள்ளிருந்து அது வெறும் உறுமலாகத்தான் வெளியே வந்தது.

"உறுமுகிறது பார்! இன்னும் பெரிய கல்லாக எடுங்கள்!"

முன்னே கல்மழை. பின்னே, வாலுக்கு ஒரு சாண் தூரத்தில், ஓநாயின் பல். ஆஸ்மண்ட் தலைக்கவசத்தைக் கழற்றி வீசியது. கேடயத்தையும் வீசியது.

"அடடா, நம்மவர்! குதியுங்கள், சீக்கிரம்!" என்றது எடித்.

ஆஸ்மண்ட் ஆற்றில் பாய்ந்தது. ஓநாய்களும் பாய்ந்தன. பாய்ந்த பிறகுதான் தவறு புரிந்தது. தண்ணீருக்கடியில் யாரோ ஒவ்வொரு காலாகப் பிடித்து இழுத்தார்கள். நான்கும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, தட்டுத் தடுமாறிக் கரையேறி ஓடின. அவை ஓடுவதைக் கண்டு மற்றவையும் ஓடின. கடைசி ஓநாய் மட்டும், வெறும் வாயோடு போக வெட்கப்பட்டு, கரையில் கிடந்த சிங்கக் கேடயத்தைக் கவ்விக்கொண்டு போனது.

மாலையில் ஆஸ்மண்ட் தலையில் பச்சிலை கட்டி உட்கார்ந்திருந்தது.

"வலிக்கிறதா?"

"ஓநாய் கடிக்கவே இல்லை. நீ எறிந்த கல்தான் வலிக்கிறது."

எடித் சிரிப்பை அடக்கிக்கொண்டது. "வேண்டுமானால் நாளைக்குப் போய் உங்கள் கேடயத்தை மீட்டு வரலாமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்றது ஆஸ்மண்ட் அவசரமாக. "அதை யார் தூக்கினாலும் நாலு பேர் துரத்துவார்கள். இனி ஓநாய்களே தூக்கட்டும்!"

நீதி: தனக்கு இல்லாத பெருமையைச் சுமப்பவர், அதற்கு வரும் அடியையும் சுமக்க வேண்டும்.